ஓரத்து இருக்கைக்கு ஒரு நடுப்பெட்டி

பல்செட்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பது வருடத்தை ஒரு முக்காலியின் மேலேயே உட்கார்ந்து தீர்த்துவிட்டார். பல் மருத்துவமனையின் பின்னறை அது. ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்தான் காட்சி. மேசைமேல் ஒரு சின்ன அடுப்பு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், அச்சு வார்க்கிற வெள்ளை மாவு, சாணை பிடிக்கிற மோட்டார். முன்னறையில் டாக்டர் வாய்க்குள் அச்செடுத்து அனுப்புவார். பின்னறையில் இவர் அதில் மாவை ஊற்றி, ஈறு கட்டி, பல் பதித்துத் திருப்பி அனுப்புவார். இதுவரை அவர் செய்த பற்களை வரிசையாக நட்டால் ஊரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பிவிடலாம், போகிற வருகிறவர்களைப் பார்த்து அந்த மதில் சிரித்துக்கொண்டே இருக்கும் என்று மருத்துவமனையில் ஒரு பேச்சு உண்டு. செய்தவர் சிரித்துத்தான் நாளாயிற்று.

சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அலுத்துப் போனவர், அவ்வளவுதான். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளை மாவு படிந்திருக்கும். முகம் கழுவுவார். பாதி வெள்ளை போகும், மீதி போகாது. அது நரை. சாணை மோட்டாரின் ரீங்காரம் காதில் உட்கார்ந்துகொண்டு வீடுவரை இலவசமாகப் பயணம் செய்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இறங்கும்.

வீட்டில் மூன்று பேர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் அறையில் இப்போது மாமனார் படுத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்கு முன் அவர் தொலைபேசி நிலையத்தில் நாற்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். ஊரார் பேச்சைக் கேட்பதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டு ஓய்வூதியமும் வாங்கிய பாக்கியசாலி. இழுத்துக்கொண்ட பிறகு பேச்சு குறைந்துபோயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு முனகல், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றால் இரண்டு முனகல். மருமகன் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த பல்செட்டை அவர் ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு டம்ளருக்குள் குடிவைத்துவிட்டார். அந்த வருத்தம் மருமகனுக்கு உண்டு. வெளியே காட்டுவதில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவி வேலையை விட்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் உட்கார்ந்து, நாளைக்கு இருநூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். இப்போது கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டால் ஓடுவதற்கு மட்டும் ஆள் தேவைப்படுகிற வீடு. கூடத்தில் மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்று. அதன் இடக்கோடியில் உட்கார்ந்தால் அறைக் கதவு வழியாக அப்பாவின் கட்டில் தெரியும். இரண்டு வருடமாக அந்தக் கோடிதான் அவள் இடம். அதிலும் முழுசாக உட்கார்ந்ததில்லை; எழுந்துகொள்ள வசதியாக விளிம்பில்.

இவர்கள் இருவருக்கும் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆடம்பரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படம். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். எத்தனை சண்டை போட்டாலும் ஞாயிறு மத்தியானம் ஒரு படத்துக்குச் சமாதானம். அந்தப் படத்துக்குத்தான் வினை வந்தது.

வினையைக் கொண்டுவந்தவன் மச்சினன். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது தன்னுடைய ஹோம் தியேட்டரை அக்கா வீட்டுக்குத் தானமாகக் கொடுத்தான். ஆம்ப்ளிஃபயர் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், சுவரையே குலுக்குகிற பேஸ் பெட்டி ஒன்று. டிவிக்குக் கீழே நடுவில் வைக்கிற பெட்டி மட்டும் சாமான் ஏற்றி இறக்கியதில் காணாமல் போய்விட்டது. ஒரு பெட்டிதானே, அது இல்லாவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

அன்றிலிருந்து படத்தில் எவர் பேசுவதும் புரியவில்லை. கதவு சாத்தினால் இடி விழுகிறது. கார் போனால் புயல் அடிக்கிறது. ஆனால் கதாநாயகி அழுதுகொண்டே ஏதோ சொன்னால், அடுத்த தெருவில் யாரோ போர்வைக்குள் பேசுவது போல இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் எவனாவது துப்பாக்கியை எடுத்துவிடுவான், உடனே அறைக்குள்ளிருந்து மாமனாரின் முனகல் வரும், மனைவி ஓடுவாள். ஆகவே சத்தத்தைக் குறைத்தே வைத்தார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த பல்செட்காரருக்குப் பாதிப் பேச்சு கிடைக்கும். ஓரத்தில் இருந்த மனைவிக்கு அதுவும் கிடையாது. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். இவர் தனக்குக் கேட்ட பாதியோடு கேட்காத பாதியையும் தாமே இட்டுக்கட்டிச் சொல்லுவார். இப்படி ஒரு படத்தில் கூடப்பிறந்த அண்ணனையும் தங்கையையும் காதலர்களாக்கிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய அம்மா வந்து இருவருக்கும் சேர்த்துச் சோறு பரிமாறியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அன்றைக்கு மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதுதான் கடைசிச் சிரிப்பு. பிறகு மெல்ல மெல்லக் கேட்பதை விட்டாள். அதற்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்க பாருங்க என்று சொல்லிவிட்டு, அப்பாவின் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. நான்காவது ஞாயிறு மடிப்பதற்குத் துணியே இல்லை. ஏற்கெனவே மடித்து வைத்ததைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பல்செட்காரர் பார்த்தார். இந்த ஒரு மத்தியானமும் போய்விட்டால் இருவருக்கும் நடுவில் மாத்திரை நேரத்தைத் தவிரப் பேசுவதற்கு வேறு விஷயமே இருக்காது என்று பட்டது. அலுத்த மனிதர்கள் சட்டென்று பயப்படமாட்டார்கள். அவர் பயந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மருத்துவமனைக்கு விடுமுறை. நேராக ஸ்பீக்கர் கடைக்குப் போனார். இரண்டு மாடிப்படி ஏற வேண்டும். கடைக்காரரை அந்தத் தெருவில் 'வால்யூம் அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். காரணம், அவரைப் போல மெதுவாகப் பேசுகிற மனிதர் பூமியில் இல்லை. காதைப் பத்திரப்படுத்துகிறாராம். அவர் தும்மினால்கூட எதிரில் இருப்பவர் உதட்டசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வால்யூம் அண்ணன் கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரில் நடுப்பெட்டி இருக்கிறது என்று பதிந்திருக்கிறதா, இல்லை என்று பதிந்திருக்கிறதா என்று விசாரித்தார். மச்சினன் விட்டுப்போனபடியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்றார் இவர். அண்ணன் கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா பேச்சையெல்லாம் அது இல்லாத பெட்டிக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கு, சார். உங்களுக்குக் கேட்டதெல்லாம் சிந்துனது செதறுனதுதான்."

பல்செட்காரர் கடையில் கேட்டுப் பார்க்கிறவர்களுக்காகப் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தார். இரண்டு வருடம். நூறு படத்துக்கு மேல். அத்தனை கதாநாயகிகளும் அழுது சொன்னதெல்லாம் எங்கோ தொலைந்துபோன ஒரு பெட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அண்ணன் நேர்மையானவர். நடுப்பெட்டி இல்லை என்று மாற்றிவிட்டால் போதும், இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் பேச்சைப் பங்குபோட்டுக்கொள்ளும், நடுவில் உட்காருகிறவருக்குப் பேச்சு நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும், காசு மிச்சம் என்றார். பிறகு, ஓரத்தில் யாராவது உட்காருவார்களா என்று கேட்டார்.

"வீட்டுல அங்கதான் உட்காருவாங்க, அண்ணே."

"அப்ப வாங்கணும். நடுப்பெட்டி நடுவுல உட்காருறவங்களுக்கு இல்ல, சார். ஓரத்துல உட்காருறவங்களுக்கு."

நல்ல வாக்கியம். பல்செட்காரர் தலையை ஆட்டி அதை வரவேற்றார். அது ஒரு காதில் நுழைந்து, உள்ளே இருந்த சாணை மோட்டாரின் ரீங்காரத்தைப் பார்த்து மிரண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் தன் தொழிலின்படி சோதனை செய்தார். பல்செட்டை முடிப்பதற்கு முன்னால் மெழுகில் பல்லைப் பதித்து நோயாளியின் வாயில் வைத்துப் பேசச் சொல்வது வழக்கம். முன்பல் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் 'ச' சீறும், 'ஃப' ஊதும். அதற்காகவே அவர் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: சர்க்கஸ் சிங்கம் சைக்கிளில் ஆஃபீஸ் போச்சு. முப்பது வருடத்தில் அந்தச் சிங்கத்தை ஆஃபீஸுக்கு அனுப்பாத கிழவர் அந்த ஊரில் இல்லை. இப்போது அதே காதால், ஸ்பீக்கருக்குள் பேசுகிறவர்களின் 'ச'வையும் 'ஃப'வையும் கவனித்தார். முதல் பெட்டி சீறியது. இரண்டாவதற்கு உதடே இல்லை. மூன்றாவது நீளமானது, கறுப்பு, தொட்டில் நீளம். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கூம்பு, நடுவில் ஒரு சின்னது. அதில் ஒவ்வொரு 'ச'வும் மெருகேற்றிய பல் போலத் தனித்தனியாக வந்து நின்றது.

இந்த ஓரத்து நாற்காலியிலும் வந்து உட்கார்ந்து கேளுங்கள் என்று அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார். கூப்பிட்டது அவ்வளவாகக் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சோபா மெத்தென்று இருந்தது. முப்பது வருட முக்காலிக்குப் பிறகு அந்த மெத்தையிலிருந்து எழுந்து மூன்று தப்படி நடக்க அவருடைய இடுப்பு ஒப்பவில்லை. நேராகக் கடித்தால் எல்லாப் பக்கமும் கடிக்கும், பல் மாதிரிதான் என்று சொல்லிச் சமாளித்தார். இத்தனைக்கும், பக்கவாட்டில் மென்று பார்க்கச் சொல்லாமல் ஒரு பல்செட்டைக்கூட அவர் வெளியே விட்டதில்லை.

தொட்டில் நீளப் பெட்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை டிவி மேசையின் கீழ்த்தட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, மனைவியை வருந்தி அழைத்தார். துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவள் தன் கோடியில் வந்து உட்கார்ந்தாள். படம் தொடங்கியது. நடுவில் இருந்தவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கையில் எடுத்துக் கொடுத்தது போல விழுந்தது. அவர் திரையைப் பார்த்ததைவிட மனைவியின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் கழித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பல்செட்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. உலகத்தில் எந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியாவிட்டாலும் இந்த வாக்கியத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியும். புதுப் பல்செட் போட்டுக்கொண்டவர்களில் இரண்டு வகை. இங்கே குத்துகிறது, அங்கே உரசுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் நான்கு தடவை வந்து ராவிக்கொண்டு போய்க் கடைசிவரை அந்தப் பல்லோடு வாழ்வார்கள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. அவர்கள் வீட்டுக்குப் போனதும் பல்லைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார்கள். மறுபடி வரமாட்டார்கள்.

அறைக்குள்ளிருந்து இரண்டு முனகல் வந்தது. மனைவி எழுந்து போனாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பை இழுத்துவிட்டு வரக் கொஞ்ச நேரமாகும். பல்செட்காரர் அவள் விட்டுப்போன இடத்தைப் பார்த்தார். மெத்தையின் விளிம்பு மட்டும் நசுங்கியிருந்தது. எழுந்து போய் அங்கே உட்கார்ந்தார்.

பன்னிரண்டு வருடமாக இருக்கிற சோபா. அந்தக் கோடியில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து டிவி சாய்ந்து தெரிந்தது. ஒரு கண்ணுக்குக் கதாநாயகன், மறு கண்ணுக்குக் கட்டிலின் கால்மாட்டு என்று பாதிப்பாதியாக உலகம். அதைவிட ஆச்சரியம், பேச்சு செத்துக்கிடந்தது. நடுவில் கூராக இருந்த அதே குரல் இங்கே யாரோ அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. இரண்டு சாண் நடுவுக்கு நகர்ந்தார், உயிர் வந்தது. மறுபடி ஓரத்துக்கு நகர்ந்தார், போயிற்று. நம்பமுடியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டிருந்தபோது மனைவி அறை வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"பக்கவாட்டுல மென்னு பாக்குறேன்."

அவளுக்குப் புரிந்தது. முப்பது வருடமாகப் பல்லோடு குடும்பம் நடத்துகிறவள். கூடத்துக்கு வந்து, இந்தத் தடவை அவருடைய இடத்தில், நடுவில் உட்கார்ந்தாள்.

"கேக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா மறுபடி அதைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறுவீங்க. உங்க இடுப்பு இருக்குற லட்சணத்துல."

"நீ இங்கயே உட்காந்துக்கோ. நான் ஓரத்துல இருக்கேன்."

"அப்பா கைய அசைச்சா உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தண்ணிக்கு எது, புரட்டுறதுக்கு எதுன்னு தெரியும்." பழையபடி கோடிக்கு வந்துவிட்டாள். "விடுங்க. எனக்கு இது போதும்."

போதும் என்று அவள் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஈறு தேய்ந்துபோன கிழவிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

புதன்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். ஒவ்வொரு படியிலும் இடுப்பு அவருடைய வம்சத்தையே கூப்பிட்டு விசாரித்தது. வால்யூம் அண்ணன் ஆச்சரியப்படவில்லை. விற்கிற நீளப் பெட்டிகளில் பாதி இப்படித் திரும்பி வந்துவிடும் என்றார். அதில் இரண்டு பக்கமும் இருக்கும் பெரிய கூம்புகள் இரண்டும் ஒரே பேச்சைத்தான் பேசுகின்றன. எதிரே நடுவில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று முந்தி வரும், மற்றது பிந்தி வரும், வருகிற வழியில் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும் என்று விளக்கினார். இதை அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

இந்தத் தடவை பல்செட்காரர் அளவு எடுத்து வந்திருந்தார். மருத்துவமனை அட்டையின் பின்புறம் வீட்டுக் கூடத்தின் வரைபடம்: டிவி எங்கே, சோபா எங்கே, கோடி எத்தனை அடி தள்ளி, அங்கே உட்காருகிறவரின் காது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுவரை. மனைவி நின்றுகொண்டிருக்கும்போது அளக்க முடியாது என்று, அவள் அசந்து உட்கார்ந்திருந்த சமயம் பார்த்து நாடாவைப் பிடித்து வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த அளவுப்படி கடையில் ஒரு மர நாற்காலியைப் போடச் சொன்னார். மெத்தைச் சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டை நாற்காலியின் விளிம்பில், மனைவி உட்காருவது போலவே உட்கார்ந்து, நான்கு பெட்டிகளைக் கேட்டார்.

முதல் மூன்றும் ஓரத்தில் ஏதாவது ஒரு விதத்தில் வாயை மூடிக்கொண்டன. நான்காவது பார்க்கச் சகிக்கவில்லை. குட்டையாக, சதுரமாக, கோபித்துக்கொண்ட பிள்ளை போல இருந்தது. பெரிய கூம்பின் வயிற்றுக்குள்ளேயே சின்னக் கூம்பு குடியிருந்தது. வாய்க்குள் ஒரு வாய். நேராகக் கேட்டபோது நீளப் பெட்டி அளவுக்குப் பளபளப்பு இல்லை. 'ச' கொஞ்சம் மழுங்கல்தான். ஆனால் நாற்காலியை எந்தப் பக்கம் நகர்த்திப் போட்டாலும் அதே மழுங்கல், அதே குரல். எங்கே போனாலும் கூடவே வந்தது. பல்செட்காரர் நாற்காலியை அறையின் கடைசிச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் வந்தது.

"இதுதான். ஆனா இப்பவே முடிச்சிடாதீங்க, அண்ணே. ஒரு ஞாயித்துக்கிழமை மெழுகுல வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்வேன்."

அண்ணனுக்கு மெழுகு விவகாரம் தெரியாது. ஆனாலும் விஷயம் பிடிபட்டது. "வெச்சுப் பாருங்க. குத்துனா எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஒரே ஒரு குறை. டிவி மேசையின் கீழ்த்தட்டு தாழ்வானது. பெட்டியை அப்படியே வைத்தால் அது முழங்காலோடு பேசும், காதோடு பேசாது. பல்செட்காரர் மருத்துவமனையில் அச்சு மாவைக் குழைத்து இரண்டு ஆப்பு வார்த்தார். பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் கொடுத்தால் முகத்தை நிமிர்த்தி, சரியாக அந்தக் கோடியின் உயரத்துக்குப் பார்க்க வேண்டும். சாணை பிடித்து, கோணம் பார்த்து, மறுபடி சாணை பிடித்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, இது யாருடைய தாடை, இந்த மாதிரி ஒரு கடியை நான் பார்த்ததே இல்லையே என்று கவலைப்பட்டார். சொந்தக்காரங்க என்று சொல்லிவைத்தார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குட்டைப் பெட்டி இரண்டு வெள்ளை ஆப்புகளின் மேல் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. மனைவி அதைப் பார்த்து, பழசே பார்வைக்கு லட்சணமாக இருந்தது என்றாள். பல்செட்காரருக்கு அந்தக் குறை காதில் தேனாகப் பாய்ந்தது. குறை சொல்கிறவர்கள் திரும்பி வருகிறவர்கள். படத்தைப் போட்டார். ஒரு பெண்ணும் அவளைக் கைவிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கும் ஒருவனும் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். மெல்லிய பேச்சு. துப்பாக்கி எதுவும் இல்லை. இவர் மனைவியைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

பத்து நிமிடத்தில் அறைக்குள்ளிருந்து முனகல். மனைவி பாதி எழுந்துவிட்டாள். நீ இரு, நான் பார்க்கிறேன் என்று கையைக் காட்டிவிட்டு இவர் போனார். எதற்கு எந்த முனகல் என்று தெரியாது. தண்ணீர் டம்ளரை நீட்டினார். மாமனார் வேண்டாம் என்று தலையை அசைத்தார். புரட்டப் போனார். அதற்கும் இல்லை. இடக்கையை உயர்த்திக் கதவைக் காட்டினார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது போல என்று கதவைச் சாத்தப் போனவரைப் பெரிய முனகல் ஒன்று தடுத்தது.

"தெற" என்றார் மாமனார். பல் இல்லாத வாயில் வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. "நல்லா... தெற, மாப்ள. யாரு... அந்தப் பொண்ணு?"

பல்செட்காரர் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"லைன் கிளியரா இருக்கு" என்றார் மாமனார். நாற்பது வருட உத்தியோகம் அந்த மூன்று வார்த்தையில் மட்டும் திக்காமல் வந்தது.

பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அவர் சொன்னதன் சாரம் இது. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சுவருக்குப் பின்னால் இடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மகளும் மருமகனும் கூடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். வார நாளில் வேலை நடக்காமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொத்தனார் வருவது வினோதமாகத்தான் இருந்தது. மலிவான கொத்தனார் போல என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு இடிக்கும் அவர் முனகியது வலியாலும் இல்லை, பயத்தாலும் இல்லை. இன்னும் எத்தனை நாள்தான் கட்டுவீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

அவருக்கு உறக்கம் கெடக்கூடாது என்று எத்தனை ஞாயிறு சத்தத்தைக் குறைத்து, உதட்டைப் பார்த்துக் கதை கண்டுபிடித்து, கால்விரலால் நடந்திருக்கிறார்கள். பல்செட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போல இருந்தது. அதை இறக்கிய பிறகுதான் அது எவ்வளவு கனம் என்று தெரிந்தது. கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார்.

"யாரு... அந்தப் பொண்ணு?" மாமனார் விடுவதாக இல்லை. "அவன விட்டுட்டுப் போ... போகப் போறாளா?"

கட்டிலிலிருந்து படம் தெரியாது; கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தலாம் என்றால் கதவு அகலம் போதாது. பல்செட்காரர் எழுந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். அங்கிருந்து திரையும் தெரிந்தது, மாமனாரின் முகமும் தெரிந்தது. பேச்சைக் கிழவர் கேட்டுக்கொள்கிறார். படத்தை இவர் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், பச்சைப் புடவை, கையில் ஒரு சூட்கேஸ் வைத்திருக்கிறாள் என்று தொடங்கினார். அவன் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தையே பார்க்கிறாள். இப்போது பார்த்துவிட்டாள். சூட்கேஸ் பெரிசா சின்னதா என்று மாமனார் கேட்டார். பெரிசு, ஆனால் தூக்கும்போது லேசாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை போல என்று இவர் பதில் சொல்ல, அப்படியானால் அவள் போகமாட்டாள் என்று மாமனார் அடித்துச் சொன்னார். இல்லை, போவாள் என்றார் இவர். கால் கடுத்தது. முக்காலியே தேவலை என்று இருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றுகொண்டு, ரயில் வருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருக்கீங்களா" என்றாள் மனைவி. திரும்பக்கூட இல்லை. விளிம்பிலிருந்து சரிந்து, சோபாவில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அவ என்ன சொல்றான்னு எனக்குக் கேக்கல."

பல்செட்காரர் வாயை மூடிக்கொண்டார். மாமனாரும் மூடிக்கொண்டார். ரயில் வந்து நின்றது.